இருபது டிகிரி, மாறாமல்

நான் சொன்ன ஒரு பொய் என் மகளின் ஆய்வுக் குறிப்பேட்டில் ஐந்து மாதத்துக்கு மேல் உண்மையாக இருந்தது. இதை எழுதுவதையே இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று தெரிந்தும்தான்.

அவளுக்கு அடையாறு பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டப் படிப்பு. ஐந்தாவது வருடம். வேலை என்னவென்றால், ஒரு பாக்டீரியாவின் புரதத்தைச் சுத்தம் செய்து எடுத்து, அதைப் படிகமாக வளர்க்க வேண்டும். படிகத்தின் மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தினால் புள்ளி புள்ளியாகச் சிதறும். அந்தப் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டால் புரதம் எந்த வடிவத்தில் மடிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். படிகம் இல்லையென்றால் புள்ளியும் இல்லை, வடிவமும் இல்லை, பட்டமும் இல்லை.

"கல்கண்டு வளர்க்கறதுக்கு அஞ்சு வருஷமா?" என்பார் என் கணவர்.

"அப்பா, சர்க்கரை நல்ல பிள்ளை. சொன்ன பேச்சு கேக்கும். இது உங்க மாதிரி" என்பாள் அவள்.

போன அக்டோபரில் ஆயுத பூஜைக்கு நான்கு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தது. ஆய்வுக்கூடத்தில் கருவிகளையெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கொடுத்து, கதவைப் பூட்டிவிட்டார்கள். மின்சார வேலையும் அந்த நாட்களுக்கே வைத்திருந்தார்கள். ஜெனரேட்டர் உறைபெட்டிகளுக்கு மட்டும்தான். படிகத்தை ஒரே வெப்பநிலையில் வைத்து வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டிக்குக் கிடையாது. அவளோ முந்தின நாள்தான் புதிய ட்ரே போட்டிருந்தாள். ட்ரே என்பது உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் தட்டு, இருபத்துநான்கு குழிகள். ஒவ்வொரு குழிக்கும் மேலே ஒரு வட்டக் கண்ணாடிச் சில்லு, அதன் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் தொங்கும் ஒரு துளி. அந்தத் துளிதான் அவளுடைய புரதம். கீழே குழியிலிருக்கும் கரைசல் துளியிலுள்ள தண்ணீரை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். துளி கெட்டியாகும்போது, நேரம் நன்றாக இருந்தால், படிகம் பிறக்கும்.

கைடு மேடத்திடம் அனுமதி கேட்டு அந்த ட்ரேயை வீட்டுக்கு எடுத்து வந்தாள். எனக்கு நந்தனத்தில் அலுவலகம். அன்றைக்குச் சீக்கிரம் கிளம்பி அவளை அழைத்துவரப் போயிருந்தேன். ஆட்டோவில் ட்ரேயை ஒரு தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, மடியில் சாயாமல் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த விதம், குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து முதல் தடவை கொண்டுவருகிற மாதிரி இருந்தது. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட சாலை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் "அண்ணா, மெதுவா!" என்றாள்.

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னா மேடம், பொட்டில கேக்கா கீது?"

"கேக்கு இல்லண்ணா. ப்ரோட்டீன்."

"அட, ஜிம்முக்குப் போறியாம்மா?"

மயிலாப்பூர் வந்து சேரும்வரை அவர் நிஜமாகவே நடைவேகத்தில்தான் ஓட்டினார். பின்னால் வந்த பேருந்துகள் எங்கள் எல்லோரையும் திட்டின.

அவள் அன்றே தோழியின் கல்யாணத்துக்குத் திருச்சி கிளம்ப வேண்டியிருந்தது. எங்கள் படுக்கையறையில், ஏ.சி.க்கு எதிரிலுள்ள அலமாரித் தட்டில் ட்ரேயை வைத்துவிட்டு என்னிடம் ரிமோட்டைக் காட்டினாள். "இருபதுல வச்சிருக்கேன். நாலு நாளும் இருபத்துநாலு மணி நேரமும் ஓடணும். யாரும் தொடக்கூடாது. அம்மா, உன்னைத்தான் சொல்றேன்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது எனக்கு உறைத்தது. படுக்கையறையில் ஃபேன் ஓடுகிறது. ஜன்னல் திறந்திருக்கிறது. இருபது வருடமாக ஐந்து மணிக்கு எழுந்து ஏ.சி.யை அணைத்து, ஃபேனை மூன்றில் வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் நான் பல் தேய்க்கவே போவேன். சென்னையில் ஏ.சி. வைத்திருக்கும் வீடுகளில் பாதிப் பேர் இதைத்தான் செய்வார்கள். மூளை எழுவதற்கு முன்பே விரல் எழுந்துவிடுகிறது. ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தி ஏ.சி.யைப் போட்டேன். ட்ரேயைப் பார்த்தேன். துளிகள் துளிகளாகவே இருந்தன. சரி, ஒன்றும் ஆகவில்லை.

இது மறதி. அடுத்தது மறதி இல்லை. மறுநாள் ஐந்து மணிக்கு என் கணவர் ஒன்பது தும்மல் போட்டார். அவருக்கு சைனஸ். "உன் பொண்ணு படிகம் வளர்க்கறதுக்குள்ள எனக்கு நிமோனியா வளந்துடும். அணை அதை" என்றார். விடிகாலையில் வெளியேயே குளிர்ச்சிதானே, மூன்று மணி நேரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அணைத்தேன். மூன்றாம் நாளும், நான்காம் நாளும் அப்படியே.

நான் தாவரவியல் பட்டதாரி. ஒரு சோதனையில் எதையெல்லாம் மாறாமல் வைக்க வேண்டும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள்.

அவள் திரும்பி வந்து பையைக்கூட இறக்கவில்லை. "ஏ.சி. ஆஃப் பண்ணலையே?"

"இல்லடி. ஓடிக்கிட்டேதான் இருந்தது."

என் கணவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். அவள் கட்டிலில் உட்கார்ந்து, குறிப்பேட்டைத் திறந்து, நான்கு நாள், இருபது டிகிரி, மாறாமல் என்று என் கண் முன்னாலேயே எழுதினாள்.

ஒரு வாரம் கழித்து அலுவலகத்தில் இருக்கும்போது அவளிடமிருந்து போன். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ஐந்து வருடத்தில் முதல் தடவையாகப் படிகம். ஒரே குழியில் மூன்று, பட்டை தீட்டிய மாதிரி. கைபேசியில் படம் அனுப்பினாள். அன்று மாலை நான் பக்கத்துத் தெருப் பிள்ளையாருக்கு ஒன்பது சிதறுகாய் உடைத்தேன். தும்மலுக்கு ஒன்றாக என்று பிறகு தோன்றியது.

அந்த மூன்றும் போயின. படிகத்தை வளர்ப்பது பாதி வேலைதான், எடுப்பது மீதிப் பாதி என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பாதிக்கு மேல் தண்ணீரால் ஆன பொருள் அது, விரலால் தொட்டால் கூழாகிவிடும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே, தலைமுடியை விட மெல்லிய நைலான் வளையத்தால் மீன் பிடிப்பதுபோல் கோதி எடுக்க வேண்டும். பிறகு உறையும்போது பனிக்கட்டி உண்டாகாமல் காப்பாற்றும் கிளிசரின் கரைசலில் முக்கி, உடனே திரவ நைட்ரஜனில் அமிழ்த்த வேண்டும். முதல் படிகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசியால் நெம்பியதில் உடைந்தது. இரண்டாவது கிளிசரினில் விழுந்ததும் அவள் கண்ணெதிரிலேயே கோடு விழுந்து விரிசல் விட்டது. மூன்றாவது எப்படியோ தப்பிப் பிழைத்து எக்ஸ் கதிருக்குப் போனது. புள்ளிகள் வந்தன, ஆனால் நடுவில் மட்டும். அது கரைசலிலிருந்த வெறும் உப்பின் படிகம் இல்லை, புரதம்தான் என்று சொல்ல அது போதும். வடிவத்தைச் சொல்லப் போதாது.

"பரவாயில்லம்மா. எப்படி வளக்கறதுன்னு தெரிஞ்சுபோச்சு. இன்னும் பத்து வளத்தா முடிஞ்சது" என்றாள்.

ஒன்றுகூட வளரவில்லை.

நவம்பர், டிசம்பர், ஜனவரி. அதே கரைசல், அதே புரதம், இன்குபேட்டரில் அச்சு அசலாக இருபது டிகிரி. துளிகள் தெளிவாகவே இருந்தன, அல்லது தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாகப் படிந்தன, அல்லது கண்ணுக்கே தெரியாத பொடியாகக் கொட்டின. அவள் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு அன்றாடம் அறிக்கை வரும். தண்ணீரை வேறு இயந்திரத்தில் பிடித்தாள். ஒரு ரசாயனப் பாட்டில் பழசானால் புளித்துப்போகும் என்று புதுசு வாங்கினாள். புதுசுதான் கெடுத்ததோ என்று பழசின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டினாள். கண்ணாடிச் சில்லை ஒட்டும் கிரீஸை மாற்றினாள். புரதத்தை மூன்று தடவை புதிதாகச் சுத்தம் செய்தாள். பழைய படிகத்தின் ஒரு துணுக்கு இருந்தால் அதை நசுக்கி, உறை ஊற்றுவதுபோல் புதுத் துளியில் விடலாமாம். துணுக்கும் மிஞ்சவில்லை.

ஜனவரியில் ஒருநாள் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "டெம்பரேச்சர்ல மட்டும்தான் சந்தேகமே இல்ல. வீட்ல நாலு நாளும் இருபதுதானே, லேப்லயும் இருபது" என்றாள்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். அது காரணமாக இருக்காது என்று நினைத்தேன். காரணமாக இருந்துவிடுமோ என்றும் பயந்தேன். இரண்டுக்கும் பதில் வாயை மூடிக்கொள்வதாகவே இருந்தது. இரவெல்லாம் பிள்ளைக்காகக் கவலைப்படுகிறவள் என்று சொந்தக்காரர்களிடம் பெயர் வாங்கியிருக்கிறேன். கவலைப்படுவது எவ்வளவு சுலபம்! ஒரு வாக்கியம் சொல்லத்தான் முடியவில்லை.

மார்ச்சில் அது வேறு மாதிரி திரும்பியது. ஆய்வுக்கூடக் கூட்டத்தில் அவளுக்கு மூத்த மாணவன் ஒருவன், "அந்த ட்ரேல என்ன ஊத்தினேன்னு உனக்கே தெரியல போல" என்று சிரித்தானாம். கைடு மேடம் சிரிக்கவில்லை. குறிப்பேட்டில் எழுதியிருப்பது நடந்ததுதானா என்று நன்றாக யோசித்துப் பார் என்றாராம். மே மாதத்துக்குள் இன்னொரு படிகம் வராவிட்டால் இந்தப் புரதத்தை விட்டுவிட்டு வேறொன்றை ஆரம்பிக்க வேண்டும். ஐந்தாவது வருடத்தில், முதலிலிருந்து.

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நான்தான் ஏதோ தப்பா எழுதிட்டேன்போலம்மா. என் எழுத்தை நானே நம்ப முடியல" என்றாள். அந்தக் குறிப்பேட்டில் அவள் கண்ணால் பார்க்காமல் எழுதிய வரி ஒன்றே ஒன்றுதான். என்னை நம்பி எழுதியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் தோசைக்கு உட்கார்ந்திருந்தாள். நான் கரண்டியோடு அடுப்புக்கு முன்னால் நின்றேன். திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னேன்.

"அந்த நாலு நாள் ஏ.சி. ஓடிக்கிட்டே இல்லடி. காலைல அணைச்சேன்."

தோசை கருகியது.

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சு."

"திரும்ப எப்ப போட்டே?"

"எட்டரை."

"தினமுமா?"

"தினமும்."

"ஜன்னல்?"

"திறந்துவச்சேன்."

அவள் எழுந்து போய்க் குறிப்பேட்டை எடுத்து வந்தாள். சட்னி பட்ட விரலாலேயே எழுதினாள். என் கணவர் வாசலில் நின்று, "நான்தான் அணைக்கச் சொன்னேன்" என்றார்.

"உங்ககிட்ட அப்புறம் வரேன்" என்றாள் நிமிராமல்.

எழுதி முடித்துப் பேனாவை மூடி வைத்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். "அஞ்சு மாசம்மா" என்றாள். அவ்வளவுதான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் தண்ணீர் கொண்டுவந்தார்.

பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தது. கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் வேறாக இருந்தது. பரீட்சையில் கடைசிக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்ட முகம். "சூடானா பொடிப் படிகமெல்லாம் கரையும், பெருசு மட்டும் நிக்கும். குளிர்ந்தா அந்தப் பெருசு மேலயே மறுபடி படியும். நாலு நாள், நாலு தடவை. நீ அணைச்சு அணைச்சுப் பொறுக்கி எடுத்திருக்கம்மா!"

"அப்ப நான் நல்லதுதான் பண்ணியிருக்கேனா?"

"பேசாத. உன் மேல கோவமா இருக்கேன்."

ஆனால் அது அத்தனை சுலபமாக முடியவில்லை. இன்குபேட்டரில் விடியற்காலை மூன்றரை மணி நேரம் இருபத்தேழு டிகிரிக்கு ஏறி இறங்கும்படி வைத்தாள். ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை. ஏப்ரல் பிறந்துவிட்டது. கைடு மேடத்திடம் பேசி, ஒரு ட்ரேயை மறுபடி வீட்டுக்கே கொண்டுவந்தாள். இந்தத் தடவை வெப்பத்தைப் பதியும் சின்னக் கருவி ஒன்றும் கூட வந்தது. "அன்னிக்கு என்னென்ன செஞ்சீங்களோ அதையே செய்யுங்க. நான் பாத்துக்கிட்டு மட்டும் இருப்பேன். அப்பா, தும்மல் வந்தா அடக்காதீங்க."

ட்ரேயை அதே அலமாரித் தட்டில் வைத்தேன். ஏ.சி.யைப் போட்டேன். காற்று நேராக ட்ரே மேல் அடித்தது. கட்டிலில் கிடந்த டர்க்கி டவலை எடுத்து அதைச் சுற்றிப் போர்த்தினேன்.

"என்ன பண்றே?"

"போத்தி விடறேன்."

"அன்னிக்கும் போத்தினியா?"

"ஆமா. நீ வர்றதுக்கு முன்னாடி எடுத்துட்டேன். காத்து நேரா அடிச்சுதே. குளிருமேன்னு..."

"குளிருமா? அம்மா, அது புரதம்!"

"இருக்கட்டுமே."

அவள் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். இன்குபேட்டரில் வெப்பம் சடக்கென்று ஏறிச் சடக்கென்று இறங்கியது. துண்டுக்குள் அது ஊர்ந்து ஏறி ஊர்ந்து இறங்கியிருக்கிறது. அவசரப்படுத்தினால் பொடியாகக் கொட்டும். நிதானமாக விட்டால் வளரும். ஐந்து வருடமாக அவள் படித்த கட்டுரைகளில் துண்டு என்ற சொல்லே இல்லையாம்.

நான்கு நாளும் நான் ஐந்து மணிக்கு அணைத்தேன், எட்டரைக்குப் போட்டேன். இப்போது அது என் கடமை என்பதால் விரல் மறந்துவிடுமோ என்று பயந்து நாலரைக்கே விழித்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் அவள் ட்ரேயைத் துண்டோடு எடுத்துப் போனாள். பத்து மணிக்கு அலுவலகத்தில் என் போன் அடித்தது.

"பதினோரு குழிம்மா. பதினோரு குழில!"

நந்தனத்தில் பேருந்து நிறுத்தத்துக்கு நேர் எதிரே ஜன்னல் பக்கம் என் மேசை. நான் எழுந்து நின்று ஏதோ கத்தியிருக்கிறேன். பக்கத்து மேசைக்காரர் யாருக்கோ குழந்தை பிறந்துவிட்டது என்று நினைத்துக் கை கொடுத்தார். நானும் அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டேன்.

எடுக்கும் நாளன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். துளியின் நடுவில் அது சும்மா இருந்தது. எந்த அவசரமும் இல்லாமல், ஓரங்கள் நேராக, ஒரு பக்கம் நீலமாக, சற்றுத் திருப்பினால் மஞ்சளாக. "கண்ணாடி மேல மூச்சு விடாதம்மா" என்றாள். நான் மூச்சே விடவில்லை.

இந்தத் தடவை கிளிசரினில் ஒரேயடியாக முக்கவில்லை. ஒன்றை விட ஒன்று சற்றுக் கெட்டியான ஐந்து கிளிசரின் துளிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் சிறிது நேரம் இருக்கவிட்டு அடுத்ததற்கு மாற்றினாள். துண்டு சொல்லிக்கொடுத்தது இது என்றாள். ஒட்டிக்கொண்டதை நெம்பவில்லை. ஓரத்தில் ஒரு துளி கரைசலை விட்டு, அது தானாக மிதந்து வரும்வரை காத்திருந்தாள். வளையம் உள்ளே போனது, படிகத்தோடு வந்தது, நைட்ரஜன் புகைக்குள் மறைந்தது. அவள் கை ஆடவில்லை. நான் ஒரு ஓரத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எடுத்த பத்தில் ஒன்று மட்டும் உடைந்தது.

எக்ஸ் கதிர்ப் படம் திரையில் வந்தபோது புள்ளிகள் நடுவில் நிற்கவில்லை. வரிசை வரிசையாக, மார்கழிக் கோலத்துக்கு வைத்த மாதிரி, திரையின் விளிம்பு வரைக்கும் போயிருந்தன. கைடு மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "ஓரம் வரைக்கும் இருக்கே" என்றார். பிறகு அந்த மூத்த மாணவன் பக்கம் திரும்பினார். "என்ன ஊத்தினோம்னு அவளுக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு."

அவன் நல்ல பையன். என்னிடம் வந்து, "ஆன்ட்டி, என் ட்ரேக்கும் ஒரு துண்டு கிடைக்குமா?" என்றான். துண்டு இன்றுவரை திரும்பி வரவில்லை. தொடாதே என்று எழுதி ஒட்டி அங்கேயே வைத்திருக்கிறார்கள்.

அன்று எல்லோரும் தேநீருக்குப் போன பிறகு அவள் குறிப்பேட்டை என் முன்னால் திறந்தாள். அக்டோபர் பக்கம். குறிப்பேட்டில் எதையும் அழிக்கக்கூடாதாம், வெள்ளை மை பூசக்கூடாதாம். தவறு இருந்தால் படிக்கத் தெரியும்படி ஒரே ஒரு கோடு அடித்து, பக்கத்தில் உண்மையை எழுதி, தேதி போட வேண்டும். இருபது டிகிரி, மாறாமல் என்பதன் மேல் அவள் ஏற்கெனவே கோடு அடித்திருந்தாள். பக்கத்தில் இடம் விட்டிருந்தாள். கீழே சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு கட்டம்.

"நீயே எழுதிடும்மா. பாத்தது நீதானே."

பேனாவை வாங்கினேன். காலை ஐந்து முதல் எட்டரை வரை ஏ.சி. அணைக்கப்பட்டது, நான்கு நாளும், ட்ரே துண்டால் போர்த்தப்பட்டிருந்தது என்று எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக வந்தது. கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். அவள் அதை வாங்கி, ஒரு தடவை முழுதாகப் படித்துப் பார்த்து, அதன் கீழே தன் பெயரைப் போட்டாள்.